மோஷன் சென்சார் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஜிக்பீ என்ற வானலை வழியில் பேசி, அசைவைக் கண்டால் விளக்கை எரியவைக்க உதவும் பேட்டரி மோஷன் சென்சார், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருள், அந்தக் கணினியில் செருகிய, ஜிக்பீ அலையை வாங்கும் யூஎஸ்பி டாங்கிள், நடுவில் சென்சாரின் செய்தியை ஹோம் அசிஸ்டென்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் ஜிக்பீ டு எம்கியூடிடி மென்பொருள். பலர் வீட்டில் இருக்கும் இந்த அமைப்பை வைத்தே கீழே எல்லாம் சொல்லியிருக்கிறோம். எடுத்துக்காட்டுக்கு அகாராவின் பழைய வட்டச் சென்சார் (ஆர்டிசிஜிக்யூ11எல்எம்) அடிக்கடி வரும். சோனாஃப், பிலிப்ஸ் ஹியூ, டுயா வகைகளிலும் பட்டன் இருக்கும் இடமும் பேட்டரியின் அளவும்தான் மாறும், பிழைகள் பெரும்பாலும் இவைதான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, இந்தச் சென்சார் பெரும்பாலான நேரம் தூங்குகிறது. அசைவு தெரிந்தால் விழித்து ஒரு செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். நீங்கள் வெளியிலிருந்து கூப்பிட்டால் அதற்குக் கேட்காது. இரண்டு, அது ஆளைப் பார்ப்பதில்லை. சுற்றியிருக்கும் சூட்டிலிருந்து வேறுபட்ட ஒரு சூடு, லென்ஸின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதைத்தான் பார்க்கிறது. பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் மறப்பதால் வருவது.

எந்தப் பிழையானாலும் முதலில் 'கடைசியாகப் பார்த்த நேரம்' என்ன என்று பாருங்கள். ஜிக்பீ டு எம்கியூடிடியின் அமைப்புகளில் 'லாஸ்ட் சீன்' என்பதை இயக்கினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் அது தெரியும். அகாரா சென்சார் அசைவே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தலைகாட்டும். இரண்டு மூன்று மணி நேரமாகச் சத்தமே இல்லை என்றால் இணைப்பிலோ பேட்டரியிலோ கோளாறு. நேரம் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு ஆட்டோமேஷனிலோ ('இது நடந்தால் அதைச் செய்' என்று நீங்கள் எழுதிய விதி) சென்சார் வைத்த இடத்திலோ இருக்கிறது. 'ஆஃப்லைன்' என்று காட்டட்டும் என்று காத்திருக்காதீர்கள். பேட்டரிச் சாதனத்தை ஆஃப்லைன் என்று அறிவிக்க ஜிக்பீ டு எம்கியூடிடி இயல்பாக எடுத்துக்கொள்வது 1500 நிமிடம், அதாவது 25 மணி நேரம்.

அறிகுறி: பேரிங் (டாங்கிளோடு முதல் இணைப்பு) ஆகவே மாட்டேன் என்கிறது

பேட்டரிக்கும் முனைக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை உருவிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். சிரிப்பாக இருந்தாலும் அடிக்கடி நடப்பது இது.

பிறகு வரிசை இதுதான். ஜிக்பீ டு எம்கியூடிடியின் திரையில், புதுச் சாதனம் சேர வழிவிடும் 'பெர்மிட் ஜாயின்' பட்டனை அழுத்துங்கள். அது 254 நொடி திறந்திருக்கும். சென்சாரை டாங்கிளிலிருந்து ஒன்று இரண்டு மீட்டர் தூரத்தில் வையுங்கள், டாங்கிளோடு ஒட்டி வைக்க வேண்டாம். சென்சாரின் பட்டனை 5 நொடி அழுத்திப் பிடியுங்கள். அகாராவில் நீல விளக்கு மினுக்கும், சோனாஃபில் விளக்கு மூன்று முறை மினுக்கும். அதோடு விட்டுவிடாதீர்கள். திரையில் பேரிங் முடிந்தது என்று வரும்வரை நொடிக்கு ஒரு முறை பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். கை எடுத்தால் சென்சார் பாதிப் பேச்சில் தூங்கிவிடும்.

விளக்கே மினுக்கவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, பட்டனைப் பத்து நொடி அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். புது காயின் செல் போட்டும் உயிர் வரவில்லையா? செல்லின் மேற்பரப்பைப் பாருங்கள். குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பட்டும் என்று சில நிறுவனங்கள் கசப்புப் பூச்சு பூசி விற்கின்றன. அந்தப் பூச்சு சில சாதனங்களில் முனையோடு தொடர்பைக் கெடுக்கிறது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள், அல்லது பூச்சில்லாத செல்லை வாங்குங்கள். கசப்பு இருக்கிறதே என்று செல்லைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது.

விளக்கு மினுக்குகிறது, டாங்கிள்தான் கண்டுகொள்ளவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். சென்சார் முன்பு வேறொரு ஹப்பில் (மையக் கருவியில்) இருந்திருக்கலாம். அந்த ஹப்பின் செயலியிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி ரீசெட் செய்யுங்கள். இன்னொன்று, டாங்கிளில் இடமில்லை. சிசி2531 என்ற பழைய டாங்கிள் நேரடியாக 20 சாதனங்கள் வரைதான் தாங்கும். சிசி2652 சிப் உள்ளவை 50 வரை தாங்கும். நடுவில் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் செருகினால் அதன் கீழே இன்னும் சிலவற்றுக்கு இடம் கிடைக்கும்.

அறிகுறி: பேரிங் ஆனது, பேட்டரி அளவு வருகிறது, அசைவு மட்டும் வரவே இல்லை

டுயா, சோனாஃப் வகைகளில் இது அதிகம். இவை அசைவை, திருட்டு எச்சரிக்கைக் கருவிகளுக்கான ஐஏஎஸ் ஜோன் என்ற வழியில் சொல்கின்றன. அந்த வழியில் சென்சார் முதலில் டாங்கிளிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பேரிங் நடக்கும்போது சென்சார் தூங்கிவிட்டால் அந்தப் பதிவு விட்டுப்போகும். பேட்டரி அளவு வேறு வழியில் வருவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டியதில்லை. பட்டனைத் தட்டிச் சென்சாரை விழிக்க வைத்தபடியே, சாதனப் பக்கத்தில் 'ரீகான்ஃபிகர்' அழுத்துங்கள். அது போதவில்லை என்றால் 'இன்டர்வியூ'வை (சாதனத்தின் விவரங்களைக் கேட்டறியும் படி) மறுபடி ஓட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் மறு பேரிங்.

சாதனம் 'ஆதரவற்றது' என்று வந்தால் கதை வேறு. ஒரே பெட்டி, ஒரே முகம், உள்ளே வேறு பலகை என்று டுயா பெயரில் பல வருகின்றன. ஜிக்பீ டு எம்கியூடிடியைப் புதுப் பதிப்புக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீரும்.

அறிகுறி: ஆள் நடமாடுகிறார், சென்சார் கண்டுகொள்ளவில்லை

பேட்டரி போட்ட முதல் ஒன்று இரண்டு நிமிடத்தில் சோதிக்காதீர்கள். உள்ளிருக்கும் உணர்வுப் பகுதி நிலைப்பட அவ்வளவு நேரம் வேண்டும். அகாராவின் பழைய சென்சாரில் இன்னொரு பொறி இருக்கிறது: ஒரு முறை அசைவைச் சொன்னபின் சரியாக 60 நொடிக்கு எதையும் பொருட்படுத்தாது. அதன் முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றும் வராது. ஒரு நிமிடத்துக்கு மேல் அறையை விட்டு வெளியே போய்த் திரும்ப வந்து சோதியுங்கள்.

அடுத்தது திசை. லென்ஸின் மேல் உள்ள வரிவரியான கட்டங்கள், அறையை விசிறிபோலப் பல பட்டைகளாகப் பிரிக்கின்றன. பட்டையைக் குறுக்கே கடப்பவரை உடனே பிடிக்கும். நேரே சென்சாரை நோக்கி நடந்து வருபவர் ஒரே பட்டைக்குள்ளேயே வருவதால் கிட்ட வரும்வரை பிடிக்காது. நீளமான வராந்தாவின் முனைச் சுவரில் ஒட்டினால் நடப்பது இதுதான். அதையே பக்கச் சுவரில், வாசற்படியை ஒட்டி, நடப்பவர் குறுக்கே கடக்கும்படி ஒட்டினால் ஒரே அடியில் பிடிக்கும். உயரம் 2 மீட்டரை ஒட்டி இருக்கட்டும். அதற்கு மேலே போனால் காலடியில் குருட்டு இடம் பெருகும்.

கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வாசலைப் பார்க்க நினைப்பவர்கள் உண்டு. நடக்காது. உடல் வெளிவிடும் அகச்சிவப்பு ஏறக்குறைய 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைச் சுவர்போலத் தடுத்துவிடும்.

இனி சித்திரை, வைகாசி விவகாரம். தை மாதம் அருமையாக வேலை செய்த சென்சார் மே மாதப் பிற்பகலில் மந்தமாகிவிட்டது என்று பலர் பேட்டரியை மாற்றிப் பார்க்கிறார்கள். பேட்டரியில் குற்றமில்லை. தோலின் மேற்பரப்புச் சூடு 33 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏசி அறையில் சுவர் 25 டிகிரி என்றால் வித்தியாசம் 8 டிகிரி, ஆள் பளிச்சென்று தெரிவார். கான்கிரீட் தளத்தின் நேர் கீழே உள்ள மாடி அறையில் பிற்பகல் மூன்று மணிக்குச் சுவரே 34, 35 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. ஆளும் சுவரும் ஒரே சூடு. சென்சாருக்கு அங்கே நகர்வதாகத் தெரிய எதுவும் இல்லை. இரவு பத்து மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால் காரணம் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். பெட்டியில் போட்டிருக்கும் 7 மீட்டர் என்ற கணக்கைக் கோடையில் நம்பாதீர்கள். 3 மீட்டருக்குள் ஆள் குறுக்கே கடக்கும்படி இடம் மாற்றுங்கள். ஹியூ, அகாரா பி1 போன்றவற்றில் உணர்திறனைக் கூட்டும் வசதி உண்டு. கூட்டும்போதும் பட்டனைத் தட்டி விழிக்க வைத்துவிட்டு அமைப்பை அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது போய்ச் சேராது.

கடைசியாக, சென்சார் சுவரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடித்த சுவரில் இரட்டைப் பக்க டேப் நிற்காது, சுண்ணாம்போடு உரிந்து விழும். கீழே குப்புறக் கிடக்கும் சென்சார் தரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். சின்னத் திருகாணியோ, கதவுச் சட்டத்தின் பெயின்ட் அடித்த மரமோதான் நம்பகமான இடம்.

அறிகுறி: ஆள் உள்ளே இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடுகிறது

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். மூன்று வேறு காரணங்கள் ஒரே முகத்தோடு வரும்.

முதல் காரணம் நேரக் கணக்கு. அகாரா பழைய சென்சார் 'ஆள் வந்தார்' என்று மட்டும்தான் சொல்லும், 'ஆள் போய்விட்டார்' என்று சொல்லாது. போய்விட்டார் என்று அறிவிப்பது ஜிக்பீ டு எம்கியூடிடியின் டைமர். அதன் இயல்பான அளவு 90 நொடி. 'விளக்கு சீக்கிரம் அணையட்டும்' என்று சிலர் அதை 30 நொடியாகக் குறைக்கிறார்கள். பிறகு நடப்பதைப் பாருங்கள். 7 மணி 0 நிமிடம் 0 நொடிக்கு நீங்கள் குளியலறைக்குள் நுழைகிறீர்கள், செய்தி போகிறது, விளக்கு எரிகிறது. 30ஆவது நொடியில் டைமர் முடிந்து விளக்கு அணைகிறது. 45ஆவது நொடியில் இருட்டில் நின்று கையை வீசுகிறீர்கள். சென்சார் இன்னும் 60 நொடி மவுனத்தில் இருக்கிறது, பதில் இல்லை. 60 நொடி கழிந்தபின் அசைந்தால்தான் மறுபடி வெளிச்சம். ஆகவே இந்த டைமர் 60க்குக் கீழே போகவே கூடாது. 90 என்று வைத்திருப்பது காரணத்தோடுதான்.

60 நொடி மவுனத்தையே குறைக்க, சென்சாரைப் பிரித்துப் பலகையில் இரண்டு புள்ளிகளை ஈயப்பற்றால் இணைத்து 5 நொடியாக்கும் வழி உண்டு. வேலை செய்யும், ஆனால் வாரண்டி போகும், பேட்டரியும் வேகமாகத் தீரும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அது தேவையில்லை. அகாரா பி1 மாடலில் இந்த இடைவெளியை 2 நொடியிலிருந்து நீங்களே அமைக்கலாம். இரண்டு சிஆர்2450 செல் போடுவதால் பேட்டரியும் தாங்கும்.

இரண்டாவது காரணம் ஆட்டோமேஷன். 'அசைவு வந்தால் விளக்கைப் போடு, மூன்று நிமிடம் பொறு, அணை' என்று ஒரே கோவையாக எழுதியிருப்பீர்கள். ஹோம் அசிஸ்டென்ட்டில் ஆட்டோமேஷனின் இயல்பான முறை 'சிங்கிள்'. முதல் ஓட்டம் முடியும்வரை இரண்டாவது அசைவு வந்தாலும் ஏற்காது. மூன்று நிமிடம் முடிந்ததும் நீங்கள் நடுவில் எத்தனை முறை அசைந்திருந்தாலும் விளக்கு அணையும். முறையை 'ரீஸ்டார்ட்' என்று மாற்றினால் ஒவ்வோர் அசைவுக்கும் மூன்று நிமிடம் புதிதாகத் தொடங்கும். இன்னும் சுத்தமான வழி இரண்டு ஆட்டோமேஷன்: சென்சார் 'ஆன்' ஆனால் விளக்கு ஆன், சென்சார் 'ஆஃப்' ஆகித் தொடர்ந்து மூன்று நிமிடம் அப்படியே இருந்தால் விளக்கு ஆஃப்.

இந்த இரண்டாவது வழியில் ஒரு சின்ன ஓட்டை. அந்த மூன்று நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோம் அசிஸ்டென்ட் மறுதொடக்கம் ஆனால் எண்ணிக்கை அழிந்துபோகும், விளக்கு விடியவிடிய எரியும். ஹோம் அசிஸ்டென்ட் தொடங்கியதும் ஒரு முறை எல்லாச் சென்சாரையும் பார்த்து, ஆஃபில் இருந்தால் விளக்கை அணைக்கும்படி இன்னொரு தூண்டுதலைச் சேர்த்துவிடுங்கள். ஜிக்பீ டு எம்கியூடிடி மறுதொடக்கம் ஆனாலும் இதே தொல்லை வரலாம்: 90 நொடி டைமர் நடுவில் அறுந்து, அடுத்த அசைவு வந்து அடங்கும்வரை அறையில் ஆள் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது காரணத்துக்குத் தீர்வு இந்தச் சென்சாரில் இல்லை. படிப்பு மேசையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் தூங்குபவரையும் இந்த வகைச் சென்சாரால் பார்க்க முடியாது. அணைக்கும் நேரத்தை 10, 15 நிமிடமாக நீட்டலாம். அல்லது மில்லிமீட்டர் அலை ரேடார் சென்சார் வாங்கலாம். மூச்சு விடும் அசைவைக்கூடப் பிடிக்கும், ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அடாப்டர் வயர் வேண்டும். நடைபாதை, குளியலறை, மாடிப்படி, ஸ்டோர் ரூம் ஆகியவற்றுக்குப் பேட்டரிச் சென்சார் போதும். ஹாலுக்கும் படிப்பறைக்கும் அதை வாங்கிவிட்டு அதோடு மல்லுக்கட்டுவது வீண்.

அறிகுறி: ஆளே இல்லாமல் விளக்கு எரிகிறது

நேரத்தைக் குறித்து வையுங்கள். ஹோம் அசிஸ்டென்ட்டின் வரலாற்றுப் பக்கத்தில் கிடைக்கும். நேரமே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தினமும் காலை ஒரே நேரம் என்றால் ஜன்னல் வழியாக விழும் வெயில். வெயில் பட்ட திரைச்சீலை காற்றில் ஆடினால், சென்சாருக்கு அது சூடான ஒன்று நகர்வதுதான். மாலை ஆறு ஆறரைக்கு என்றால் பூஜை விளக்கைப் பாருங்கள். ஆடும் சுடர் மிக வலுவான அகச்சிவப்பு. சமையலறைக் கதவைப் பார்த்தபடி இருந்தால் அடுப்பு. ஏசி போடும் நேரம் என்றால் குளிர்காற்று நேராக லென்ஸின் மேல் அடிக்கிறது. மின்விசிறியின் இறக்கையை மட்டும் குறை சொல்லாதீர்கள். அதன் சூடு அறையின் சூடுதான். ஆனால் தளத்தடியில் தேங்கிய சூட்டுக்காற்றை அது கிளறி விசிறும்போது உணர்திறன் அதிகமுள்ள சென்சார் ஏமாறும்.

நேர ஒழுங்கே இல்லாமல் இரவில் வருகிறதா? லென்ஸைக் கிட்டப்போய்ப் பாருங்கள். உள்மூலையில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். தூரத்தில் ஓடும் பல்லியைச் சென்சார் பொருட்படுத்தாது, அதன் உடல் சூடு சுவரின் சூட்டை ஒட்டியே இருக்கும். ஆனால் லென்ஸின் மேலேயே ஏறி ஓடினால் ஒரே நேரத்தில் எல்லாக் கட்டத்தையும் மறைத்து எடுக்கிறது. டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், அதனால் அங்கே ஒட்டாதீர்கள்.

பூனை, நாய் உள்ள வீட்டில் லென்ஸின் கீழ்ப்பகுதியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு கீற்று ஒட்டி, தரையை ஒட்டிய பட்டைகளை மறையுங்கள். ஒரே நாளில் முழுவதும் ஒட்டிவிடாமல் சிறிது சிறிதாக மறைத்துப் பாருங்கள். பூனை மேசைமேல் ஏறினால் இந்த வித்தை செல்லாது.

விளக்கு அணைந்த சில நொடியில் தானாக மறுபடி எரிகிறது என்றால், சென்சார் குண்டு பல்புக்கோ சூடேறும் விளக்குக்கோ மிக அருகில் இருக்கிறது. பல்பு ஆறுவதையே அசைவு என்று எண்ணி மறுபடி எரியவிடும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

அறிகுறி: சில நாள் ஒழுங்காக வேலை செய்துவிட்டுக் காணாமல் போகிறது

முதலில் பட்டனை ஒரே ஒரு முறை, சுருக்கமாகத் தட்டுங்கள். பல சென்சார்கள் அந்தத் தட்டுக்கு விழித்துப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடி ஒட்டிக்கொள்ளும். வரவில்லை என்றால் மறு பேரிங் செய்யுங்கள், ஆனால் பட்டியலிலிருந்து நீக்காமல் செய்யுங்கள். சாதனத்தின் முகவரி மாறாது. பழைய பெயரும் ஆட்டோமேஷனும் அப்படியே தொடரும். எடுத்ததும் 'டெலீட்' அழுத்துபவர்கள் பிறகு பாதி நாள் பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

மறுபடி மறுபடி போகிறது என்றால் அதற்குத் தாய் யார் என்று கண்டுபிடியுங்கள். பேட்டரிச் சென்சார் ஒவ்வொன்றும் டாங்கிளோடு நேராகவோ, மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பிளக் அல்லது பல்பு ஒன்றின் வழியாகவோ பேசுகிறது. ஜிக்பீ டு எம்கியூடிடியின் வரைபடப் பக்கத்தில் இது தெரியும். அந்தத் தாய்ச்சாதனம் அணைந்தால் பிள்ளை அநாதை.

நம் வீடுகளில் அது அணைவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்மார்ட் பல்பைச் சுவர் சுவிட்சில் யாராவது அணைத்துவிடுவது. பாட்டி சுவிட்சை அணைத்தது தப்பில்லை, பல்பை நம்பி வலைப்பின்னல் கட்டியதுதான் தப்பு. இரண்டு, மின்வெட்டு. ராஸ்பெர்ரி பை இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது, நடுவில் இருக்கும் பிளக் இன்வெர்ட்டர் இல்லாத லைனில் இருக்கிறது. கரண்ட் போனதும் பை உயிரோடு இருக்கும், பிளக் செத்துவிடும், அதன் கீழிருந்த சென்சார்கள் தாயைத் தேடத் தொடங்கும். சில தானாக வேறு வழி பிடிக்கும். அகாரா சென்சார்கள் பழைய தாயையே பிடித்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கும். இடைச்சாதனமாக ஒரு பிளக்கையாவது இன்வெர்ட்டர் லைனில், யாரும் தொடாத சாக்கெட்டில் செருகி வையுங்கள். நியூட்ரல் வயர் இல்லாமல் ஓடும் சுவிட்ச் மாடல்கள் பெரும்பாலும் இடைச்சாதனமாக வேலை செய்வதில்லை, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டாங்கிள் பக்கத்திலேயே பேரிங் முடித்து மாடிக்குக் கொண்டுபோய் ஒட்டுவதும் இதே பிழையைக் கொண்டுவரும். கீழே டாங்கிளைத் தாயாகப் பிடித்தது, மேலே போனதும் எட்டவில்லை. ஒட்டப்போகும் இடத்திலேயே, அருகிலுள்ள பிளக் வழியாக மட்டும் பேரிங்கைத் திறந்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. பெர்மிட் ஜாயின் பட்டனுக்குப் பக்கத்தில் எந்தச் சாதனம் வழியாக என்று தேர்ந்தெடுக்க முடியும்.

இனி அலை மோதல். ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. வைஃபை 1ஆம் சேனல் ஏறக்குறைய 2401 முதல் 2423 மெகாஹெர்ட்ஸ் வரையும், 6ஆம் சேனல் 2426 முதல் 2448 வரையும், 11ஆம் சேனல் 2451 முதல் 2473 வரையும் பரவும். ஜிக்பீ சேனல்கள் 11 முதல் 26 வரை, 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. 15 என்றால் 2425, 20 என்றால் 2450, 25 என்றால் 2475. அந்த மூன்றும் வைஃபை சந்துகளில் விழுகின்றன. ஜிக்பீ டு எம்கியூடிடியின் இயல்பான சேனல் 11, அதாவது 2405. வைஃபை 1ஆம் சேனலின் வயிற்றுக்குள். வைஃபை ரூட்டரை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11இல் ஒன்றில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்துங்கள். 13இல் ஓடினால் ஜிக்பீ 25ஐயும் விழுங்கிவிடும். 26ஐத் தொடாதீர்கள், சில சாதனங்கள் அதில் சேரவே மாட்டா.

ஜிக்பீ சேனலை மாற்றினால் தூங்கும் சென்சார்கள் பல பின்னாலேயே வராது. ஒவ்வொன்றாக மறு பேரிங் செய்ய நேரிடும். அதனால் சென்சார் வாங்குவதற்கு முன்பே சேனலை முடிவு செய்துவிடுங்கள். முப்பது சென்சார் ஒட்டியபின் மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்னும்.

சேனலுக்கு முன்பே ஒரு மலிவான வேலை இருக்கிறது. யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் செருகிய எஸ்எஸ்டி சேமிப்புக் கருவியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012இலேயே இதை ஆவணமாக வெளியிட்டது. டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து பிடுங்கி, கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில், ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் வழியாகச் செருகுங்கள். டாங்கிளை இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், வைஃபை ரூட்டர் மூன்றிலிருந்தும் தள்ளி, ஆன்டெனா நேராக நிற்கும்படி வையுங்கள். 'வாரத்துக்கு ஒரு முறை போகிறது' என்ற புகார்களில் பல இந்த ஒரு வயரிலேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: பேட்டரி சில மாதத்தில் தீர்ந்துவிடுகிறது

சதவீதத்தை நம்பாதீர்கள். அகாராவின் அளவை ஜிக்பீ டு எம்கியூடிடி மின்னழுத்தத்திலிருந்து கணக்கிடுகிறது: 3.0 வோல்ட் என்றால் 100, 2.85 வோல்ட் என்றால் 0. லித்தியம் காயின் செல் பெரும்பாலான ஆயுள் முழுவதும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் நின்று, கடைசியில்தான் சரியும். அதனால் 'பூஜ்ஜியம்' காட்டியபடியே வாரக்கணக்கில் ஓடும் சென்சாரும் உண்டு, 40 காட்டிவிட்டுத் திடீரென்று சாகும் சென்சாரும் உண்டு.

செல்லை மல்டிமீட்டரில் சும்மா அளந்தால் பழைய செல்லும் 3 வோல்ட் காட்டி ஏமாற்றும். 100 ஓம் மின்தடை ஒன்றை இரு முனைக்கும் நடுவே ஓரிரு நொடி வைத்து, அப்போது மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். அதையே புது செல்லில் செய்து ஒப்பிடுங்கள். பழையது அதைவிட வெகுவாகச் சரிந்தால் மாற்றிவிடலாம்.

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். சிஆர்2450 என்றால் விட்டம் 24.5 மில்லிமீட்டர், தடிமன் 5.0. சிஆர்2430 அதே விட்டம், தடிமன் 3.0 மட்டும், கடைக்காரர் 'இதுவும் பொருந்தும்' என்று கொடுப்பார், உள்ளே ஆடும், இணைப்பு விட்டுவிட்டு வரும். எல்ஐஆர் என்று தொடங்கும் ரீசார்ஜ் செல்லைப் போடாதீர்கள், முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும். ஹியூபோல டிரிபிள் ஏ போடும் சென்சாரில் ரீசார்ஜ் செல் போட்டால் இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட்தான்; தொடக்கத்திலிருந்தே பேட்டரி குறைவு என்று புலம்பும்.

நல்ல செல் போட்டும் தீர்கிறது என்றால் சென்சார் கத்திக் கத்திப் பேசுகிறது என்று பொருள். தொலைவில் இருக்கும் சென்சாருக்குப் பதில் வராவிட்டால் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். டாங்கிள் நாள்கணக்கில் அணைந்து கிடந்தால் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற வீடுகளில் திரும்பி வந்ததும் பேட்டரி காலி என்பதற்கு இதுவே காரணம்.

அறிகுறி: விளக்கு தாமதமாக எரிகிறது, அல்லது பகலிலும் எரிகிறது

உள்ளூரிலேயே ஓடும் ஜிக்பீ அமைப்பில் நுழைந்தவுடன் எரிய வேண்டும். இரண்டு மூன்று நொடி ஆனால், விளக்கு இணையம் வழியாகச் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும் வைஃபை மோஷன் சென்சார் வாங்கியிருந்தால் தாமதம் அதன் பிறவிக்குணம். ஒவ்வொரு முறையும் விழித்து வைஃபையில் புதிதாக இணைந்த பிறகுதான் பேசும்.

பகலில் எரியாமலிருக்க வெளிச்ச அளவை நிபந்தனையாக வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அகாரா பழைய சென்சார் வெளிச்சத்தைப் பெரும்பாலும் அசைவோடு சேர்த்தே அனுப்பும், வெளிச்சம் மாறியவுடன் தனியாக அனுப்பாது. முன்பு எப்போதோ வந்த அளவை வைத்துக்கொண்டு இப்போது முடிவெடுக்கும் ஆட்டோமேஷன் எழுதிவிடாதீர்கள். விளக்கின் வெளிச்சமே சென்சார் மேல் விழுந்தால், எரிந்தவுடன் 'வெளிச்சம் போதும்' என்று கணக்கு மாறிவிடும்; வெளிச்ச நிபந்தனையை எரிய வைக்கும் ஆட்டோமேஷனில் மட்டும் வையுங்கள், அணைக்கும் ஆட்டோமேஷனில் வைக்காதீர்கள். இவ்வளவும் வேண்டாம் என்றால் 'சூரியன் மறைந்த பின்' என்ற ஒரு வரி போதும்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை

புது செல், டாங்கிளிலிருந்து இரண்டு மீட்டர், மறு பேரிங். சென்சாரை வெறும் சுவரைப் பார்த்தபடி மேசையில் ஐந்து நிமிடம் தனியே விடுங்கள். பிறகு ஒரு மீட்டர் தூரத்தில் அதன் முன்னால் குறுக்கே நடங்கள். இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஐந்து முறை. இரண்டுக்கும் குறைவாகப் பிடித்தால் உணர்வுப் பகுதி போய்விட்டது, மாற்றுங்கள். ஐந்தும் பிடித்தால் சென்சார் நலம்; ஒட்டியிருந்த இடத்துக்கு எடுத்துப்போய் அங்கேயும் இதே ஐந்து நடையை நடந்து பாருங்கள். புதுச் சென்சார் வாங்கும் நிலை வந்தால், பழையதை நீக்கிவிட்டு அதே பெயரைப் புதியதற்கு வையுங்கள். ஹோம் அசிஸ்டென்ட்டிலும் என்டிட்டி பெயர் (ஆட்டோமேஷன் சென்சாரை அழைக்கும் பெயர்) பழையதுபோலவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஆட்டோமேஷனில் ஒரு வரியும் தொட வேண்டியிருக்காது.